தோட்டத்து வண்டிகள் – 9: பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

சென்ற வாரம் துரைமார்களின் லேண்ட்ரோவரைப் பார்த்தோம். தோட்டத்தில் அதற்கு அடுத்த படியில் நின்றது மோரிஸ் மைனர். பெரிய கிராணி, ஆஸ்பத்திரி டிரஸர், பள்ளித் தலைமையாசிரியர் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் கடன்பட்டாவது வாங்க ஆசைப்பட்ட கார்.

லண்டன் கண்காட்சியில் மைனர் அறிமுகமானது 1948 அக்டோபரில். அதே ஆண்டு ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட, மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அது முடிந்த 1960-ஆம் ஆண்டின் கடைசியில் மைனர் பத்து லட்சத்தைத் தொட்டது. அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் அதுதான். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது, லயத்து வீடுகள் காலியாயின. சில மைனர்கள் மட்டும் பிள்ளைகளோடு ஈப்போவுக்குக் குடிவந்து இன்னும் ஓடுகின்றன.

ஈப்போ புந்தோங்கில் ஒரு நண்பர் வீட்டில் அப்படி ஒன்று நிற்கிறது. 1098 சிசி எஞ்சின். டிரஸராக இருந்த அப்பா வாங்கியது. "காடி நல்லாத்தான் ஓடுது அண்ணே, இந்த மெனிபோல்ட் கேஸ்கட்தான் மூணு மாசம் தாங்க மாட்டேங்குது" என்றார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், சூடேறியதும் அடங்கிவிடுகிறது. வால்வு சத்தம் என்று பலர் ஏமாறுவது இங்கேதான். எஞ்சின் ஆறியிருக்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ்கட் ஓரத்தில் கரிக்கோடு படிந்திருந்தால் அது வால்வு இல்லை, புகைக் கசிவு.

இந்த ஏ-சீரீஸ் எஞ்சினின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான்கு சிலிண்டருக்கு ஹெட்டில் ஐந்தே வாசல்கள்: காற்றும் பெட்ரோலும் உள்ளே போக இரண்டு, புகை வெளியேற மூன்று. நடு இரண்டு சிலிண்டர்களின் புகையும் ஒரே வாசலில் வருவதால், வாசல்களோடு சேரும் குழாய்த் தொகுதியான மெனிபோல்டின் நடுப்பகுதிக்குத்தான் சூடு அதிகம். ஐந்து வாசலும் ஒரே பக்கத்தில் இருப்பதால் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கேஸ்கட். இரண்டின் விளிம்புகளையும் ஒன்றாகப் பிடித்து அழுத்துவது ஸ்டட்டில் மாட்டிய பெரிய, தடித்த வாஷர். வாஷரின் ஒரு பாதி இன்டேக் மேல், மறு பாதி எக்ஸாஸ்ட் மேல்.

நண்பரின் காரில் மெனிபோல்டைக் கழற்றி, ஒழுங்கான இரும்பு ரூலை அதன் முகத்தில் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்தோம். 0.10 மி.மீ தகடு எங்கும் நுழையவில்லை. ஹெட்டின் முகமும் சமம்தான். பலருக்கு இந்த இடத்தில் விசாரணை முடிந்துபோகிறது, இன்னொரு கேஸ்கட் வாங்கப் போய்விடுகிறார்கள். நாங்கள் வாஷர்களைத் திருப்பிப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் இன்டேக் பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது. எக்ஸாஸ்ட் பக்கம் துருப்பிடித்துக் கிடந்தது, அழுத்தம் பட்ட தடமே இல்லை. வெர்னியரில் அளந்தபோது எக்ஸாஸ்ட் விளிம்பு மற்றதைவிட அரை மில்லிமீட்டருக்கு மேல் மெலிந்திருந்தது. எப்போதோ யாரோ கோணலை எடுக்க எக்ஸாஸ்ட்டின் முகத்தை மட்டும் ஸ்கிம் செய்து சீவியிருக்கிறார்கள். உயரம் ஒவ்வாத இரண்டு செங்கல் மேல் பலகை போட்டது போல வாஷர் சாய்ந்து, உயர்ந்த விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. எக்ஸாஸ்ட்டைப் பிடிக்க ஆளே இல்லை. நல்ல நோக்கத்தில் செய்த பழைய பழுதுவேலை புதுக் கேஸ்கட்டுகளை வரிசையாகத் தின்றிருக்கிறது.

இரண்டு விளிம்பையும் ஒரே தடிமனுக்குக் கொண்டுவருவதுதான் மருந்து. தடித்த விளிம்பில் வாஷர் உட்காரும் இடத்தைச் சீவலாம், அல்லது வாஷரில் அந்த அளவுக்குப் படி வெட்டலாம். இதற்கு ஈப்போவைப் போல வாய்ப்பான ஊர் குறைவு. கிந்தா ஈயச் சுரங்கங்களின் பம்புக்கும் எஞ்சினுக்கும் வேலை செய்து வளர்ந்தவை இங்குள்ள லேத் பட்டறைகள். 1985-இல் ஈயச் சந்தை சரிந்து சுரங்கங்கள் மூடிய பின்னும் அந்தக் கைவேலை சாகவில்லை. பட்டறைக்கு இரண்டு மெனிபோல்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் பழைய கதைதான்.

மாட்டும்போதும் அவசரம் ஆகாது. 40 செ.மீ வார்ப்பிரும்பு 400 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1.8 மி.மீ நீளும். அலுமினியம் அதைப்போல இரு மடங்கு. அந்த அசைவுக்கு ஸ்டட் துளையில் இடம் வேண்டும். கரி அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். பித்தளை நட் போடுங்கள், ஸ்டட்டில் இறுகிப்போகாது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சிறிது சிறிதாக முறுக்கி, 15 பவுண்டு-அடியில் நிறுத்துங்கள். கசிகிறதே என்று பலம் காட்டினால் ஸ்டட்டின் மரைதான் போகும். சிலிக்கோன் பசையை எக்ஸாஸ்ட் பக்கம் தடவுவது வீண்; அந்தச் சூட்டில் அது நிற்காது. ஒருமுறை ஓட்டி, நன்றாக ஆறவிட்டு, மறுபடி முறுக்கிப் பாருங்கள். சைலன்சர் குழாயைத் தாங்கும் பிராக்கெட் உடைந்திருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள். இல்லையென்றால் குழாயின் பாரமெல்லாம் மெனிபோல்டில் தொங்கும்.

"பழைய காடின்னா கொஞ்சம் புகை வரத்தானே செய்யும்" என்று விட்டுவிடுபவர்களை நினைத்தால் எனக்குப் பதைக்கிறது. பேராக் மழையில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு போகிறோம். கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. காரில் போகும்போது தலைவலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி, கதவுகளைத் திறந்து எல்லாரையும் இறக்குங்கள். கசிவை அடைக்கும்வரை அந்தக் காரை எடுக்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் காலத்துக் கேஸ்கட்டுகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். காய்ந்த கேஸ்கட்டைச் சுரண்டாதீர்கள், கம்பிப் பிரஷ் போடாதீர்கள், காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். தண்ணீரில் நன்றாக நனைத்து, நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிந்து, ஈரத்தோடு எடுத்துப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டுங்கள். பக்கத்தில் பிள்ளைகளை நிற்கவிடாதீர்கள்.