பந்தைப் போர்த்திய துணி

விட்டம் 7 உள்ள ஒரு பந்து. அதன் புறப்பரப்பு எவ்வளவு, கன அளவு எவ்வளவு? 1150இல் பாஸ்கராச்சாரியார் லீலாவதி என்னும் தம் நூலில் கேட்ட கணக்கு இது. அலகை அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு உடனே விடை சொல்லிவிடுவார்கள். கிரேக்கத்தில் ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே இதை நிறுவிவிட்டார். இந்தியாவிலோ, பெரிய பெரிய கணித மேதைகளே இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள்.

பையின் மதிப்பை 3.1416 என்று 499இல் துல்லியமாகச் சொன்ன ஆரியபட்டரே அவர்களில் ஒருவர். கோளத்தை நடுவே வெட்டினால் ஒரு வட்டம் கிடைக்கும். அதன் பரப்பை அந்தப் பரப்பின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கன அளவு வரும் என்றார். கனசதுரத்துக்கு இது அச்சாகப் பொருந்தும்: ஒரு முகத்தின் பரப்பு 49, வர்க்கமூலம் 7, பெருக்கினால் 343. அந்த ஒற்றுமைதான் அவரைக் கோளத்திலும் அப்படியே எண்ண வைத்திருக்க வேண்டும். நம் பந்தின் நடுவட்டப் பரப்பு 38.5. அவர் வழிப்படி கன அளவு சுமார் 239 கன அங்குலம். சரியான விடை 180கூட இல்லை.

இன்னொருவர் லல்லர். புறப்பரப்புக்கு வழி சொன்ன அவர், நடுவட்டப் பரப்பைச் சுற்றளவால் பெருக்கச் சொன்னார். 38.5ஐ 22ஆல் பெருக்கினால் 847. பரப்பை நீளத்தால் பெருக்கினால் பரப்பு எப்படி வரும்? பாஸ்கரர் இதை மறுத்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் கையில் எடுத்தது ஒரு துணி.

கோளத்தின் சுற்றளவில் பாதியை விட்டமாகக் கொண்டு வட்டமாக ஒரு துணி வெட்டுங்கள். நம் பந்துக்கு 11 அங்குல விட்டம். துணியின் மையத்தைப் பந்தின் உச்சியில் வைத்துப் போர்த்தினால், ஓரம் சரியாகப் பந்தின் இடுப்புவரை இறங்கும். பாதிப் பந்து மூடிவிடும். ஓரமெல்லாம் சுருக்கம் விழுந்து துணி மிஞ்சவும் செய்யும். துணியின் பரப்பு 95 சதுர அங்குலம். ஆகவே முழுப் பந்துக்கு இரண்டு துணி, 190 தாராளம். 847 எங்கே, 190 எங்கே! சரியான விடை தெரியாமலேயே ஒரு விடை தவறு என்று இப்படிக் காட்டிவிட முடிகிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்லும் முன் வகுப்பில் இந்தத் துணியைக் காட்டலாம்.

சரியான விடைக்கும் அவரே வழி காட்டினார். மண்ணாலோ மரத்தாலோ ஒரு கோளம் செய்து, உச்சியை மையமாக வைத்து, சுற்றளவில் 96இல் ஒரு பங்கு இடைவெளியில் வட்டம் வட்டமாக வரையச் சொன்னார். இடுப்புக்கு வருவதற்குள் 24 பட்டைகள். ஒவ்வொரு பட்டையின் பரப்பையும் சைன் அட்டவணையைக் கொண்டு கண்டு, கூட்டி, இரட்டித்தால் கிடைப்பது சுற்றளவு பெருக்கல் விட்டம்: 22 பெருக்கல் 7, அதாவது 154. நடுவட்டத்தைப் போல் மிகச் சரியாக நான்கு மடங்கு.

புறப்பரப்பு கிடைத்துவிட்டால் கன அளவு தூரத்தில் இல்லை. மேற்பரப்பைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் மையம்வரை கூர்ந்து இறங்கும் ஒரு பிரமிடை நினைத்துக்கொள்ளுங்கள். உயரம் எல்லாவற்றுக்கும் ஆரம்தான், 3.5. பிரமிடின் கன அளவு அடிப்பரப்பு பெருக்கல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. எல்லாவற்றையும் சேர்த்தால் 154ஐ 3.5ஆல் பெருக்கி 3ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 179.67 கன அங்குலம்.

ஒன்று மட்டும் பாக்கி. 24 பட்டை என்பது தோராயம்தான். பட்டை மெலிய மெலியத்தான் கூட்டுத்தொகை உண்மையை நெருங்கும். பட்டைகளை எல்லையில்லாமல் மெலிதாக்கிக் கூட்டும் அந்த வேலையை 16ஆம் நூற்றாண்டில் கேரளத்து ஜ்யேஷ்டதேவர் தம் யுக்திபாஷாவில், மலையாளத்திலேயே, படிப்படியாக விளக்கி எழுதினார்.