டீசலுக்கு மாற்றினால் லாபமா?

பினாங்கில் பழைய பெட்ரோல் கார் வைத்துக்கொண்டு தினமும் பாலம் கடந்து பட்டர்வொர்த், பிறைக்கு ஓடுபவருக்கு ஒரு யோசனை வரலாம்: எஞ்சினை டீசலுக்கு மாற்றிவிட்டால் என்ன? வெளியூர் டாக்சிகளாக டீசல் மெர்சிடிஸ்கள் சளைக்காமல் ஓடிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை எளிதில் போகாது.

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக அமுங்கும். பிளக்கின் பொறி அதைக் கொளுத்தும். டீசலில் பொறி கிடையாது. காற்றை மட்டும் 16 முதல் 22 மடங்கு வரை அமுக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். அந்த அழுத்தத்தைத் தாங்க பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க், சிலிண்டர் ஹெட் எல்லாம் கனமாக இருக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் பம்பு தனி. இத்தனையும் மாற்றிய பிறகு பழைய எஞ்சினில் மிஞ்சுவது என்ன?

பணமும் பொறியாளர்களும் நிறைந்த ஜெனரல் மோட்டார்ஸே இதில் கையைச் சுட்டுக்கொண்டது. 1978இல் வந்த அதன் ஓல்ட்ஸ்மொபில் 5.7 லிட்டர் டீசல், பெட்ரோல் எஞ்சின் வடிவத்தைத் தழுவியது. எஞ்சின் கட்டையைப் பலப்படுத்தினார்கள், ஆனால் ஹெட் போல்ட்டுகளின் அமைப்பைப் பழையபடியே விட்டார்கள். 22.5 மடங்கு அமுக்கத்தில் போல்ட்டுகள் இழுபட்டன, கேஸ்கெட் போனது. டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டிகூட வைக்கவில்லை. வழக்குகள் குவிந்தன, 1985உடன் கதை முடிந்தது. பெட்ரோல் எஞ்சினிலிருந்தே பிறந்த வோல்க்ஸ்வேகன் கோல்ஃப் டீசல் 1976 முதல் நன்றாக ஓடியதும் உண்மைதான். ஆனால் அது தொழிற்சாலையில் நடந்த வேலை. பினாங்கின் ஜெலுத்தோங் பட்டறையில் ஆகக்கூடியதல்ல.

ஆகவே மெக்கானிக் செய்யக்கூடியது, பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையிலிருந்து முழு டீசல் எஞ்சினை இறக்கிப் பொருத்துவது. கியர்பாக்ஸ், மவுண்டிங், ரேடியேட்டர், ஒயரிங் எல்லாம் அதோடு சேரும். பிறகு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி, புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை, பதிவுச் சான்றான கிரானில் எஞ்சின் எண்ணும் எரிபொருளும் திருத்தம், காப்புறுதிக்குத் தகவல். இதில் ஒன்றை விட்டாலும் விபத்து நாளில் தலைவலிதான்.

சரி, பணம்? பெட்ரோல் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர், டீசல் 16 ஓடும் என்று வைப்போம். பெட்ரோல் 2.05, டீசல் 2.15 ரிங்கிட்டாக இருந்தபோது ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 730 ரிங்கிட் மிச்சம். மாற்றச் செலவு 8,000 ரிங்கிட் என்றாலும் முதல் திரும்பப் பதினோரு ஆண்டு!

அந்தக் கணக்கும் 2024 ஜூன் 10ஆம் தேதி கவிழ்ந்தது. தீபகற்ப மலேசியாவில் டீசல் மானியம் எடுக்கப்பட்டு விலை 3.35 ரிங்கிட்டுக்குத் தாவியது. பிறகு 2025 செப்டம்பர் 30 முதல் புடி95 திட்டத்தில் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் 1.99 ரிங்கிட் ஆனது. அந்த விலையோடு, செய்த செலவைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தாலும், டீசல் 2.65 ரிங்கிட்டுக்குக் கீழே இறங்கினால்தான் கிலோமீட்டருக்குப் பெட்ரோலைவிட மலிவு. டீசல் மானியத்தை எடுத்தபோது தகுதியுள்ள டீசல் வாகன உரிமையாளர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவி அறிவித்தார்கள். அதை நம்பியா எஞ்சினைக் கழற்றுவது?

இயற்கை எரிவாயுவுக்கு, அதாவது என்ஜிவிக்கு மாறியவர்களைப் பாருங்கள். அது டீசலைவிட எளிய மாற்றம். டாக்சிக்காரர்கள் பலர் செய்தார்கள். ஆனால் 2025 ஜூலை 1 முதல் அந்த எரிவாயுவின் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள்.

டீசல்தான் வேண்டுமென்றால் டீசலாகவே தயாரான வண்டியை வாங்குங்கள். இருக்கிற பெட்ரோல் காருக்கு நல்ல சர்வீஸ் செய்து, டயரில் காற்றைச் சரிபார்த்து ஓட்டுங்கள்.