வைத்தியர் அரிதான ஊர்களுக்கு ஒரு பேராசிரியை

வைத்தியர் பல மைல் தொலைவில் இருக்க, நள்ளிரவிலே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டால் தாயொருத்தி யாரை நாடுவாள்? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக் கிராமங்களில் இக்கேள்விக்கு விடை தேடியவர் லொரேற்றா போட் அம்மையார்.

1920ஆம் ஆண்டு நியூ யோர்க் நகரிற் பிறந்த இவர், தம்மை மணக்கவிருந்தவரை இரண்டாம் உலகப் போரிலே பறிகொடுத்தார். பின்னர் தாமும் படையிற் சேர்ந்து தாதியாகப் பணிபுரிந்தார். போர் ஓய்ந்ததும் கொலராடோ சர்வகலாசாலையிற் கற்றுப் பட்டங்கள் பெற்று, அங்கேயே பேராசிரியையும் ஆனார். பட்டங்களைவிட நம் கருத்தைக் கவர்வது, பொதுச் சுகாதாரத் தாதியாக அவர் கிராமங்களிற் கழித்த காலமே. இந்தக் குழந்தை வீட்டிலிருந்தே தேறுமா, வைத்தியரிடம் உடனே அனுப்பவேண்டுமா என்பதை அங்கே தனித்து நிற்கும் தாதியே தீர்மானிக்க நேர்ந்தது. பொறுப்பு அவள் தலையில் இருந்தது. அதற்குரிய முறையான பயிற்சிதான் இருக்கவில்லை.

1965இல் குழந்தை வைத்திய நிபுணர் ஹென்றி சில்வருடன் சேர்ந்து அப்பயிற்சியை அம்மையார் தொடங்கினார். முன்னரே தேர்ச்சிபெற்ற தாதியர் 4 மாதங்கள் தீவிரமாகக் கற்றனர். குழந்தையின் உடலை முறைப்படி சோதித்தல், வளர்ச்சியைக் கணித்தல், சாதாரண நோய்களைத் தாமே கவனித்தல், கடினமானவற்றை வைத்தியரிடம் அனுப்புதல் ஆகியவற்றிற் பழகினர்.

வைத்தியர்களே இதனை எதிர்த்திருப்பர் என நாம் எண்ணக்கூடும். சிலர் எதிர்த்தனர்தாம். ஆயின், பலத்த எதிர்ப்பு தாதியர் கல்வியாளரிடமிருந்தே எழுந்தது! தாதியர் தம் தொழிலைக் கைவிட்டு வைத்தியரின் எடுபிடிகளாகி விடுவர் என அவர்கள் அஞ்சினர். இது வைத்தியத் தொழிலைப் பறிப்பதன்று, தாதித் தொழிலை விரிப்பதே என்பதில் அம்மையார் உறுதியாக நின்றார்.

1972இல் ரொச்செஸ்டர் சர்வகலாசாலைத் தாதியர் கல்லூரியின் முதற் தலைவியானார். தாதிமைக் கல்வியையும் வைத்தியசாலைப் பணியையும் அங்கே ஒன்றாக இணைத்தார். வகுப்பிலே போதிப்பவர் நோயாளியின் கட்டிலருகிலும் நிற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. இதனை அவர் பணிகளிற் சிறந்ததாகவே நாம் மதிக்கின்றோம். வெளியுலகம் இதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

2025 சனவரியில், தமது 104ஆம் வயதில் அம்மையார் காலமானார். ‘நேர்ஸ் பிறக்ரிஷனர்’ எனப்படும் இத்தகைய தாதியர் அப்போது அமெரிக்காவில் 3,50,000 பேருக்கும் அதிகம். பல மாநிலங்களில் அவர்கள் தாமே மருந்து எழுதிக் கொடுக்கலாம். வேறு சிலவற்றில் வைத்தியரின் மேற்பார்வை இன்றும் வேண்டப்படுகின்றது. அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.