மின் கித்தாரில் குதிரையை மாற்றுதல்

மின் கித்தாரின் குதிரை என்பது, தந்திகளை உடற்பகுதிக்கு மேல் உயர்த்தித் தாங்கி, அவற்றின் அதிரும் நீளத்தின் ஒரு முனையை வரையறுக்கும் உலோக உறுப்பு ஆகும். ஆங்கிலத்தில் பிரிட்ஜ் எனப்படும் இவ்வுறுப்பு வீணையிலும் வயலினிலும் குதிரை என வழங்கப்படுவதால், இக்கட்டுரையிலும் அச்சொல்லே பயன்படுத்தப்படுகிறது. துருப்பிடித்தல், திருகாணிகளின் மரை தேய்தல், சுருதி நிலைக்காமை முதலிய காரணங்களால் குதிரையை மாற்ற வேண்டிய தேவை எழுகிறது. புதிய குதிரை பழைய துளைகளுக்குப் பொருந்தினால் இப்பணி ஒரு திருப்புளியால் முடிந்துவிடும். பொருந்தாவிடின் மரத்தில் புதிய துளைகள் இட நேரும். அவற்றின் தடம் முற்றிலும் மறைவதில்லை. எனவே வாங்குவதற்கு முன் அளந்து பார்ப்பதே இப்பணியின் முதன்மையான படி ஆகும்.

வகைகள்

அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1950 இல் வெளியிட்டு, 1951 முதல் டெலிகாஸ்டர் எனப் பெயரிட்ட கித்தாரில், இரு தந்திகளுக்கு ஒன்றாக மூன்று தாங்கு கட்டைகள் இருந்தன. இக்கட்டைகள் சாடில் எனப்படுகின்றன. 1954 இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனி சாடில் அமைந்தது. இதன் குதிரை ஆறு திருகாணிகளைச் சார்ந்து முன்னும் பின்னும் சாயக்கூடியது. நெம்புகோலை அழுத்தினால் தந்திகள் தளர்ந்து சுரம் இறங்கும். லியோ ஃபெண்டர் இதற்கு ட்ரெமலோ எனப் பெயரிட்டார். எனினும், மாறுவது ஒலியின் உரப்பு அன்று, சுருதியே என்பதால் வைப்ராட்டோ என்பதே பொருத்தமான பெயர் ஆகும். கிப்சன் நிறுவனத்தின் டியூன்-ஓ-மேட்டிக் குதிரை இரு தூண்களின் மேல் அமர்வது. ஃபிளாய்டு ரோஸ் வகைக் குதிரையோ தந்திகளை இரு முனைகளிலும் பூட்டுவது. ஒரு வகைக்குப் பதிலாக வேறு வகையைப் பொருத்த, பெரும்பாலும் மரத்தைக் குடைய வேண்டியிருக்கும். இனி வருவன ஆறு திருகாணிக் குதிரையைப் பற்றியவை.

எடுக்க வேண்டிய அளவுகள்

வெர்னியர் அளவி கொண்டு பின்வருவனவற்றை அளக்க வேண்டும்.

1. திருகாணி இடைவெளி: முதல் திருகாணியின் நடுப்புள்ளியிலிருந்து ஆறாவதன் நடுப்புள்ளி வரையுள்ள தொலைவு. பழைய அமெரிக்க அமைப்பில் இது 56.4 மில்லிமீட்டர். ஆசியாவில் செய்யப்படும் பல கித்தார்களில் 52.5 மில்லிமீட்டர். வேறுபாடு 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆயினும் அதுவே பெரும் இடர். ஓரங்களில் புதிய துளை பழைய துளையின் மேல் பாதி படிவதால், துளையிடும் அலகு வழுக்கிப் பழைய துளைக்குள் இறங்கிவிடும்.

2. தந்தி இடைவெளி: முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையிலான தொலைவு. இதுவும் பெரும்பாலும் 56.4 அல்லது 52.5 மில்லிமீட்டராக இருப்பதால் முந்தைய அளவுடன் குழப்பிக்கொள்ள இடமுண்டு. இரண்டும் வேறு வேறு. ஒடுங்கிய கழுத்துடைய கித்தாரில் அகன்ற இடைவெளி அமைந்தால், ஓரத் தந்தி விரல்பலகையின் விளிம்பைத் தாண்டி நழுவும்.

3. அடிக்கட்டையின் ஆழம்: ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடல் ஏறத்தாழ 44 மில்லிமீட்டர் தடிப்புடையது. இதனினும் மெல்லிய உடலில் முழு அளவுக் கட்டை பின்புறம் வெளியே நீண்டுவிடும்.

4. மரை: அங்குல மரையும் மெட்ரிக் மரையும் தோற்றத்தில் ஒத்திருந்தாலும் ஒன்றற்கொன்று பொருந்தா. பழைய நெம்புகோல் புதிய குதிரையில் சேராமைக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

பொருத்தும் முறை

ஆறு தந்திகளின் மொத்த இழுவிசை, மெல்லிய தந்தித் தொகுதியிலும் ஏறத்தாழ 46 கிலோகிராம் எடைக்கு ஈடானது. பின்புறக் குழியிலுள்ள சுருள்வில்கள் இவ்விசைக்கு எதிராக இழுத்துக் குதிரையைச் சமநிலையில் வைத்திருக்கின்றன. எனவே முதலில் தந்திகளை மெல்லத் தளர்த்திக் கழற்ற வேண்டும். அதன் பின்னரே சுருள்வில்களைக் குறடு கொண்டு விடுவிக்க வேண்டும்.

சுருள்வில்கள் மாட்டியிருக்கும் கொக்கித் தகட்டில் ஒரு கம்பி பற்றவைக்கப்பட்டிருக்கும். இது தந்திகளை மின்சுற்றின் புவித்தொடுப்புடன் இணைக்கும் எர்த் கம்பி ஆகும். இது அறுந்தால் ஒலிபெருக்கியில் இரைச்சல் மிகும். ஆகவே கொக்கித் தகட்டை அசைக்காமல் விடுவது நல்லது.

புதிய குதிரையைத் திருகாணிகளால் இறுக்கி மரத்தோடு பிணைத்தல் தவறு. அவ்வாறு செய்தால் குதிரை சாய்ந்து மீளாது. நெம்புகோலை விட்டபின் தந்திகள் பழைய சுருதிக்குத் திரும்பமாட்டா. திருகாணித் தலைகளுக்கும் தகட்டுக்கும் இடையே சிறிது இடம் விட வேண்டும். தந்திகளை ஏற்றிச் சுருதி சேர்த்தபின், குதிரையின் பின்விளிம்பு மரத்திலிருந்து ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயர்ந்திருக்குமாறு கொக்கித் தகட்டின் திருகாணிகளைச் சரிசெய்வது வழக்கம்.

உயரமும் சுரத் திருத்தமும்

சாடில்களின் உயரத்தை 17 ஆம் மெட்டில் அளப்பர். தந்தியின் அடிப்பகுதிக்கும் மெட்டுக்கும் இடையே 1.6 மில்லிமீட்டர் என்பது பொதுவான தொடக்க அளவு. விரல்பலகை சற்று வளைந்திருப்பதால், சாடில்களும் அவ்வளைவையே பின்பற்ற வேண்டும்.

அடுத்தது நீளம். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தந்தி நீளம் 648 மில்லிமீட்டர். 12 ஆம் மெட்டு இதன் பாதியில், 324 மில்லிமீட்டரில் அமைகிறது. ஆனால் விரலால் அழுத்தும்போது தந்தி சிறிது நீண்டு இழுவிசை கூடுவதால் சுரம் உயர்கிறது. இதனை ஈடுசெய்யச் சாடில் சற்றுப் பின்தள்ளி வைக்கப்படுகிறது. 12 ஆம் மெட்டின் நேர்மேலே தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் மேற்சுரத்தையும், அங்கே அழுத்தி எழுப்பும் சுரத்தையும் சுருதிமானியில் ஒப்பிட வேண்டும். அழுத்திய சுரம் உயர்ந்திருப்பின் சாடிலைப் பின்னும், தாழ்ந்திருப்பின் முன்னும் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னும் மீண்டும் சுருதி சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

துளைகள் பொருந்தாவிடின்

அளவு பொருந்தும் வேறு குதிரையைத் தேடுவதே சிறந்தது. அது கிடைக்காதபோது, பழைய துளைகளில் கடினமரக் குச்சிகளைப் பசையிட்டு அடித்து, பசை நன்கு உலர்ந்தபின் மட்டமாக வெட்டிப் புதிய துளைகள் இடப்படுகின்றன. அதற்கு முன் இரு ஓரத் தந்திகளையும் நூல்போல் இழுத்துக் கட்டி, அவை விரல்பலகையின் இரு விளிம்புகளிலிருந்தும் சம தொலைவில் உள்ளனவா என உறுதிசெய்ய வேண்டும். கழற்றிய பழைய குதிரையைப் பாதுகாத்து வைத்தால், பின்னாளில் கித்தாரை முதல் நிலைக்குக் கொண்டுவரவோ உதிரி உறுப்புகளுக்காகவோ அது பயன்படும்.