சிறிய கிராமத் தொடக்கப்பள்ளியும் ஊராரின் பங்களிப்பும்

கிராமத் தொடக்கப்பள்ளி ஒன்றை நடத்துவதில் பெற்றோர், முன்னாள் மாணவர், மகளிர் சுய உதவிக்குழுவினர், இளைஞர்கள், ஊராட்சி உறுப்பினர்கள் ஆகியோர் பொருளாகவும் உழைப்பாகவும் நேரமாகவும் அளிக்கும் உதவியையே ஊரார் பங்களிப்பு என்கிறோம். ஆசிரியர் சம்பளம், பாடநூல், சீருடை, உணவு ஆகியவற்றை அரசு தருகிறது. ஆயினும் அறுபதுக்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்று நிலைத்து நிற்பதற்கு அவை மட்டும் போதுவதில்லை. தமிழ்நாட்டில் இந்தப் பங்களிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. நெய்வேலி நிலக்கரி நகரியத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அதற்குத் தனியானதொரு சிக்கலும் உண்டு.

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் தலைமையாசிரியர், மற்றவர் உதவியாசிரியர். வகுப்புகளோ ஐந்து. எனவே ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து உட்காருவது இத்தகைய பள்ளிகளில் வழக்கமான காட்சி. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையும், 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் இந்த நிலையை மனத்தில் கொண்டு அமைந்தவையே. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பார்த்து அட்டைகளும் பயிற்சிகளும் தரப்படுகின்றன.

இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் பயிற்சிக்கோ, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ, தேர்தல் பணிக்கோ சென்றால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் தனியே பார்க்க வேண்டும். கைபேசியில் விவரங்களைப் பதிவேற்றுவது, சத்துணவுக் கணக்கைச் சரிபார்ப்பது, அடிபட்ட பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வது என எல்லாம் அவர் தலையில்தான் விழும். பள்ளிக்குள் ஊரார் கால்வைக்கும் இடம் இங்கேதான் தொடங்குகிறது. உதவி என்றதும் பலருக்குப் புதுக் கட்டடமும் வண்ணப்பூச்சும் நினைவுக்கு வருகின்றன. அன்றாடத்தில் பள்ளிக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இன்னொரு பெரியவரின் இருப்பு.

திண்ணைப் பள்ளியிலிருந்து சீரமைப்பு மாநாடு வரை

ஊரே பள்ளியை நடத்துவது புதிதன்று. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பின் முடிவை 1826இல் பதிவு செய்தபோது, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகக் குறித்தார். இவற்றில் மிகப் பல திண்ணைப் பள்ளிகள். ஆசிரியருக்கு நெல்லும் காசும் பிள்ளைகளின் வீட்டிலிருந்தே வந்தன. பழம்பெருமை பேசுவோர் இந்த எண்ணிக்கையை அடிக்கடி எடுத்துக்காட்டுவர். அந்தத் திண்ணைகளில் பெண் குழந்தைகள் மிக அரிதாகவே அமர்ந்தனர் என்பதையும், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு முழுமையாகும். ஊர் நடத்தும் பள்ளியில் ஊரின் வேலிகளும் இருக்கும்.

பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியை ஊரார் தமதாக ஏற்கச் செய்த பெருமுயற்சி காமராசர் ஆட்சிக் காலத்தில் நடந்தது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு இதில் முன்னின்றார். பசியோடு இருக்கும் பிள்ளை பள்ளிக்கு வராது என்ற எளிய உண்மையிலிருந்து மதிய உணவுத் திட்டம் பிறந்தது. 1956இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் அதைத் தொடங்கி வைத்தார். தொடக்கத்தில் அரிசியும் விறகும் காய்கறியும் ஊராரே தந்தனர். 1957 முதல் அரசு மானியம் வந்தது. ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று வைத்து, ஆறு காசை அரசும் நான்கு காசை ஊரும் ஏற்றன. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கென எடுத்து வைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது.

அடுத்து 1958இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. மாநாட்டுக்கு முன்பே ஒவ்வொரு பள்ளிக்கும் என்னென்ன தேவை என்று பட்டியல் எடுக்கப்பட்டது. கரும்பலகை, கடிகாரம், நாற்காலி, சுற்றுச்சுவர், கிணறு, சீருடை என நீண்டது அந்தப் பட்டியல். எதை யார் தருகிறார் என்பதை ஊரார் மேடையிலேயே அறிவித்தனர். அடுத்த சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் இத்தகைய மாநாடுகள் நடந்தன. தேவை எது என்பதைப் பள்ளி சொன்னது, கொடுப்பது யார் என்பதை ஊர் முடிவு செய்தது. இவ்வாறு பிரித்துக்கொண்டதே அந்த இயக்கத்தின் வெற்றிக்குக் காரணம் என்று கொள்ளலாம். இன்று பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. நன்கொடையாளர் தாம் விரும்பியதைத் தருகிறார், பள்ளி அதை வைத்துக்கொள்ள இடம் தேடுகிறது.

கல்விச் சீர்

புதுக்கோட்டை உள்ளிட்ட மாவட்டங்களில் அண்மை ஆண்டுகளில் பரவிய கல்விச் சீர் என்னும் விழா, அந்த மாநாடுகளின் வழித்தோன்றல் எனலாம். காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் தாய்மாமன் சீர் கொண்டுவருவது போல, ஊரார் மேளதாளத்துடன் ஊர்வலமாகப் பள்ளிக்குச் சீர் எடுத்து வருகின்றனர். தாம்பாளத்தில் நோட்டு, பேனா, குடம், வாளி இருக்கும். பின்னால் மாட்டு வண்டியிலோ டிராக்டரிலோ பீரோ, மின்விசிறி, நாற்காலிகள் வரும். ஆசிரியர்கள் வாசலில் நின்று வரவேற்பர். சீர் கொண்டுவந்தவர் அந்த வீட்டுக்கு உறவினர் ஆகிவிடுகிறார் என்பதுதான் இதன் உட்பொருள். பீரோவின் விலையைவிட, அதைத் தூக்கி வந்தவர் அடுத்த ஆண்டு தம் பேரனை இந்தப் பள்ளியிலேயே சேர்ப்பாரா என்பது பள்ளிக்கு முக்கியம்.

மாலை வகுப்பும் தன்னார்வலர்களும்

பொருள் தருவதைவிடக் கடினமானது நேரம் தருவது. இதற்குத் தமிழ்நாட்டில் முன்னோடியாக அமைந்தது 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்குவாரித் தொழிலாளரும் விவசாயக் கூலிகளும் எழுத்துக் கற்றதோடு, பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றதும் அப்போதுதான். பாடம் சொன்னவர்கள் பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்களே.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகிலுள்ள முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது. தொடக்க நிலைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். மாலையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், சுமார் இருபது பிள்ளைகள், மாத ஊக்கத்தொகை 1000 ரூபாய். ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் இதில் ஈடுபட்டனர். அவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். திருமணத்துக்குப் பின் வீட்டோடு இருந்த பட்டதாரிப் பெண்கள் பலருக்கு, ஊரார் ‘டீச்சர்’ என்று அழைக்கும் முதல் வாய்ப்பை இந்தத் திட்டம் தந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மாலையில் கோயில் மண்டபத்திலோ வீட்டு வாசலிலோ எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித் தரும் பெண், காலிப் பணியிடத்துக்கு மாற்று அல்ல. தன்னார்வலர் இருக்கிறாரே என்று ஆசிரியர் நியமனம் தள்ளிப்போனால் ஊராரின் நல்லெண்ணமே பள்ளிக்கு எதிராகத் திரும்பிவிடும். ஆசிரியர் கேட்டுப் போராடுவதும் ஊரார் பங்களிப்பின் ஒரு பகுதிதான்.

அடுப்படி

தொடக்கப்பள்ளியின் சமூக வாழ்வைப் பார்க்க வேண்டுமானால் சமையலறைப் பக்கம் போக வேண்டும். 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் ஆகியோர் பெரும்பாலும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்களே. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. கிராமங்களில் இதைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக்குழுவினர். அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய்க்கு முன்னுரிமை. தன் பிள்ளையும் சாப்பிடும் உப்புமாவில் யாரும் அலட்சியம் காட்டமாட்டார்கள் என்பது நல்ல யோசனை.

ஆனால் அடுப்படியில்தான் ஊரின் வேலிகளும் மீண்டும் தலைகாட்டுகின்றன. 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகள் காலை உணவை உண்ணவிடாமல் தடுக்கப்பட்டனர். அதிகாரிகள் பேசிப் பார்த்தனர். பின்னர் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் பள்ளிக்குச் சென்று பிள்ளைகளுடன் அமர்ந்து சாப்பிட்டனர். மதிய உணவு பிறந்த எட்டயபுரத்துக்கு அருகிலேயே இது நடந்தது. ஊரார் பங்களிப்பு என்று பேசும்போது எந்த ஊரார், ஊருக்குள் எந்தத் தெரு என்று கேட்காமல் இருக்க முடியாது.

நகரியமும் சுற்றுக் கிராமங்களும்

1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே 20இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். பின்னர் எழுந்த நகரியம், வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்டு, நேரான சாலைகளும் மரநிழலும் மருத்துவமனையும் பள்ளிகளும் கொண்டதாக அமைந்தது. ஆண்டுதோறும் அங்கு நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குச் சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளும் வரிசையாக அழைத்து வரப்படுவதுண்டு.

நகரியத்தின் எல்லையைத் தாண்டினால் வேறு உலகம். மந்தாரக்குப்பம், வடக்குத்து, கம்மாபுரம் பகுதிகளிலும் பண்ருட்டி நோக்கிய செம்மண் நிலத்திலும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகள். ஒப்பந்தத் தொழிலாளர், முந்திரித் தோப்புக் கூலிகள், சிறு விவசாயிகள் ஆகியோரின் பிள்ளைகள் இங்குப் படிக்கின்றனர். முந்திரிப் பருவமான பங்குனி, சித்திரையில் வீட்டில் பெரியவர்கள் விடியுமுன் தோப்புக்குப் போய்விடுவார்கள். பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது பாட்டியாகவோ பக்கத்து வீட்டு அக்காவாகவோ இருக்கும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தின் முந்திரி, பலா மரங்களைச் சாய்த்தபோது, பல குடும்பங்கள் பல ஆண்டு வருமானத்தை ஒரே நாளில் இழந்தன. பிழைப்புத் தேடிக் குடும்பம் வெளியூர் போனால் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் குறையும்.

இதைவிடப் பெரிய சிக்கல் நிலம். சுரங்கம் விரிய விரிய, 1950களிலிருந்து பல கிராமங்கள் இடம்பெயர்ந்தன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிருக்குள் எந்திரங்கள் இறங்கியபோது எழுந்த எதிர்ப்பு மாநிலமெங்கும் பேசப்பட்டது. நிலம் பற்றிய விவாதத்தில் இழப்பீடும் வேலைவாய்ப்பும் பேசப்படும் அளவுக்குப் பள்ளி பேசப்படுவதில்லை. கையகப்படுத்தப்படும் ஊரில் குடும்பங்கள் ஒரே நாளில் கிளம்புவதில்லை. வசதி உள்ளவர்கள் முதலில் போகிறார்கள், மற்றவர்கள் பின்னால். முப்பது பிள்ளைகள் இருந்த பள்ளி இருபதாகும், பத்தாகும். கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்குவதில் பொருளில்லை என்று அலுவலகம் கருதும். கடைசியில் மிஞ்சுவோர் மிக ஏழைகள். பள்ளி மிகவும் தேவைப்படுபவர்களும் அவர்களே.

நிறுவனங்கள் சட்டம் 2013, பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணத்தில் வகுப்பறையும் கழிப்பறையும் கட்டலாம். ஆனால் நிறுவனத்தின் கட்டடத்தை ஊரார் தமதாக உணர்வதற்கு, அதைத் திட்டமிடும் கூட்டத்தில் அவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மேலாண்மைக் குழு

அந்தக் கூட்டத்துக்குச் சட்டப்படியான பெயர் பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பல ஆண்டுகள் இது கையெழுத்துப் புத்தகத்தில் மட்டுமே உயிரோடிருந்தது. 2022இல் தமிழ்நாட்டில் இருபது உறுப்பினர்களுடன் குழுக்கள் திருத்தி அமைக்கப்பட்டன. பெற்றோர் கூடித் தேர்ந்தெடுக்க, ஒரு தாய் தலைவரானார். 2024இல் எண்ணிக்கை இருபத்து நான்காக உயர்ந்து, முன்னாள் மாணவர் நால்வருக்கு இடம் கிடைத்தது. குழுவின் தீர்மானங்களைக் கிராம சபையிலும் வைக்கலாம்.

இடைநின்ற பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியர் போனால் பெற்றோர் தயங்குவார்கள், பக்கத்துத் தெருவிலிருந்து குழுத் தலைவி போனால் பேசுவார்கள். இந்தக் குழு செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இதுவாகத்தான் இருக்கும். சேர்க்கையும் அப்படியே. 2019இல் மாணவர் இல்லாத 46 பள்ளிகளை நூலகமாக மாற்றுவதாக அரசு அறிவித்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அவ்வாறு மாற்றப்பட்ட ஒரு பள்ளி, ஊரார் பேசிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்ததால் விரைவிலேயே மீண்டும் திறந்தது.

முன்னாள் மாணவருக்கான அந்த நான்கு இடங்கள் சுரங்கப் பகுதிக்கு வரும்போது வேறு பொருள் கொள்கின்றன. பழைய ஊரின் பள்ளியில் படித்தவர் இன்று மறுகுடியமர்வுப் பகுதியில் இருப்பார், அல்லது விருத்தாசலத்திலோ கடலூரிலோ வாடகை வீட்டில் இருப்பார். அவர் படித்த கட்டடம் இருந்த இடத்தில் இப்போது சுரங்கத்தின் பள்ளமோ மண்மேடோ இருக்கும். புதிய இடத்துப் பள்ளியின் குழுவில் அவரை முன்னாள் மாணவராகச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு விதிகளில் நேரடி விடையைத் தேடுவதைவிட, அவரது பழைய மாற்றுச் சான்றிதழில் உள்ள ஊர்ப் பெயரைப் புதிய பள்ளியின் பதிவேட்டிலும் எழுதி வைப்பது எளிது. பெற்றோர் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றினால் அதற்குச் செலவு எதுவும் இல்லை.