கடினத்திற்கு இட்ட எண்

ஊர்ச் சந்தியில் கழைக்கூத்து நடக்கும்போது எந்த வித்தை எளியது, எது அரியது என்பதைக் கூட்டத்தாரின் மூச்சே சொல்லிவிடும். ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியிலோ அதனை எண்ணாலேயே எழுதி வைத்திருக்கின்றனர். அவ்வெண் எவ்வாறு பிறக்கிறது என்பதை நாம் சற்று ஆராய்வோம்.

முன்னாளில் 10 என்பதே மதிப்பெண்ணின் உச்சமாக இருந்தது. 2006-ஆம் ஆண்டில் அம்முறை மாறிற்று. வித்தையின் கடினத்திற்கு ஒன்று, செய்நேர்த்திக்கு மற்றொன்று என இரண்டு மதிப்பெண்களை இட்டுக் கூட்டலாயினர். நேர்த்தி 10-இல் தொடங்கிப் பிழைதோறும் குறையும்; கடினத்திற்கோ வரம்பில்லை. தரையிலும் விட்டத்திலும் செய்யும் வித்தைகளுக்கு எழுத்து வரிசை உண்டு: 'ஏ' என்றால் 0.1, 'பி' என்றால் 0.2, இப்படியே மேலேறும். மேசை தாண்டும் போட்டியில் மட்டும் தாவல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஓர் எண்.

2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் அகர்தலாவின் தீபா கர்மாகர் செய்த 'புரொடுனோவா' தாவலுக்கு அன்று இருந்த எண் 7.0. மேசையைக் கைகளால் உந்தி எழுந்து, காற்றில் முன்புறமாக இருமுறை புரண்டு இறங்க வேண்டும். கால் ஊன்றும் கணம் வரை தரை கண்ணுக்குப் புலப்படாது. சுழற்சி சிறிது குறைந்தாலும் கழுத்துக்கே ஆபத்து. தீபா ஏறக்குறைய அமர்ந்த நிலையில் இறங்கினார். இரு தாவல்களின் சராசரி 15.066, வெண்கலம் 0.150 புள்ளியில் தவறி, நான்காம் இடம் கிட்டியது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். கீழே விழுந்தால் கழிப்பது 1 புள்ளி. ஆகவே 7.0 தாவலைச் செய்து விழுந்தவரும், 6.0 தாவலைச் செய்து விழாமல் நின்றவரும், பிற பிழைகள் ஒத்திருப்பின், சமமே! எண் பெரிதாயின், ஆயத்தமில்லாதவரையும் அது அழைக்கும். 2017-இல் அத்தாவலின் எண் 6.4 ஆயிற்று, பிற தாவல்களின் எண்களும் அப்போது குறைந்ததுண்டு.

2019-இல் இதற்கு வேறொரு சோதனை நேர்ந்தது. அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ், விட்டத்திலிருந்து இறங்குகையில் இரு புரளலும் இரு திருகலும் சேர்ந்த புதிய வித்தையொன்றை முன்வைத்தார். தொழில்நுட்பக் குழு அதற்கு 'எச்', அதாவது 0.8 மட்டுமே அளித்தது. அதைக் காட்டிலும் உயர்வு தகும் என்று பைல்ஸ் வெளிப்படையாகவே குறைகூறினார். இறங்கும்போது கழுத்தில் விழக்கூடிய அபாயத்தையும் தாங்கள் கருதியதாகக் குழுவினர் விளக்கினர்.

அபாயம் மிகுந்ததால் மதிப்பைக் குறைப்பதா? செய்ய வல்லவருக்கு இது அநீதியென்றே தோன்றும். ஆயினும் அவ்வெழுத்தைப் பார்த்து, அவ்வித்தையைப் பயிலலாமா என எண்ணும் பிற வீராங்கனைகளையும் மனத்திற்கொண்டால், குழுவின் அச்சம் வீணென்று நமக்குப் படவில்லை. பைல்ஸ் அவ்வாண்டே ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் அதைச் செய்து முடித்தார். வித்தை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.