பாட்டியின் ஓட்டு யாருக்கு?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை குரோம்பேட்டையில் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி வருவதற்கு முன்பே ஓட்டுப் பதிவு தொடங்கிவிட்டது! பயப்படாதீர்கள், எலெக்ஷன் ஒன்றுமில்லை; டெலிவிஷனில் பாட்டுப் போட்டி. மாமியார், மருமகள், பேத்தி மூவரும் ஆளுக்கொரு செல்போனுடன் உட்கார்ந்துவிட்டார்கள். தாம்பரத்துப் பெண்ணுக்கா, கோயம்புத்தூர்ப் பையனுக்கா என்பதில் வீடு இரண்டுபட்டிருந்தது.

அந்தப் பெண் 'நானும் ஒரு பெண்' படத்திலிருந்து ஒரு பாட்டுப் பாடினாள். தன் கறுப்பு நிறத்தைப் பற்றிக் கதாநாயகி கண்ணனிடம் முறையிடுவாளே, அந்தப் பாட்டு. பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதை முதலில் பாடின சுசீலாவுக்கு எதை அமுக்கணும்?" என்று கேட்டார்.

"அதற்கெல்லாம் இதில் இடமில்லை, பாட்டி!" என்றாள் பேத்தி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டி கேட்ட கேள்வி ரொம்பப் பழைய கேள்வி. அதைக் கேட்டு ஒரு பெண்மணி பம்பாயையே ஒரு கலக்குக் கலக்கியிருக்கிறார்.

1954-ம் வருஷம் மார்ச் 21-ந் தேதி பம்பாய் மெட்ரோ தியேட்டரில் முதல் பிலிம்பேர் விருது விழா நடந்தது. யாருக்குப் பரிசு என்று தீர்மானித்தவர்கள் சர்க்காரும் அல்ல, பண்டிதர்களும் அல்ல, பத்திரிகை வாசகர்கள். இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஓட்டளித்தார்கள். விருதுக்கு அப்போது வைத்த பெயர் என்ன தெரியுமா? 'கிளேர்'. டைம்ஸ் ஆப் இந்தியாவின் சினிமா விமரிசகராயிருந்து மறைந்த கிளேர் மெண்டோன்ஸா என்ற பெண்மணியின் நினைவாக வைத்த பெயர் அது. பரிசாகக் கொடுத்த சிலையும் கைகளை உயர்த்தி நிற்கும் ஒரு பெண்ணின் உருவம்தான். ஹாலிவுட் நடிகர் கிரிகரி பெக் வருவதாக இருந்தது. கொழும்பிலிருந்து விமானம் தாமதமாகிவிட்டதால் அவருக்கு விருந்து மட்டும்தான் கிடைத்தது!

ஜனங்களிடம் விட்டால் ஆட்டபாட்டப் படத்துக்குத்தான் ஓட்டு விழும் என்று சொல்பவர்கள் அன்றைய முடிவைப் பார்க்க வேண்டும். சிறந்த படமாக வாசகர்கள் தேர்ந்தெடுத்தது பிமல் ராயின் 'தோ பீகா ஜமீன்'. துண்டு நிலத்தைக் காப்பாற்றக் கல்கத்தாவுக்குப் போய் ரிக்ஷா இழுக்கும் ஏழைக் குடியானவனின் கதை. ஆகவே, ஓட்டுப் போட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். குறை ஓட்டுச் சீட்டில் இருந்தது.

மொத்தம் ஐந்தே பரிசுகள். படம், டைரக்டர், நடிகர், நடிகை, சங்கீத டைரக்டர். 'பைஜு பாவ்ரா'வுக்காக மீனாகுமாரிக்கு ஒன்று, நௌஷாத்துக்கு ஒன்று. அதில் மீனாகுமாரி வாயசைத்த பாட்டுக்களைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். வாயசைத்தவருக்கும் பரிசு, மெட்டுப் போட்டவருக்கும் பரிசு. குரல் கொடுத்தவருக்குச் சீட்டில் ஒரு வரிகூட இல்லை! அவருக்கு ஓட்டுப் போட ஆசைப்பட்டவர்கள்தான் எங்கே போடுவார்கள்?

லதா சும்மா இருக்கவில்லை. 'சோரி சோரி' படத்துக்காகச் சங்கர்-ஜெய்கிஷனுக்குப் பரிசு கிடைத்ததும், 1957 விழாவில் அதிலிருந்து ஒரு பாட்டுப் பாடும்படி ஜெய்கிஷன் அவரைக் கேட்டுக்கொண்டார். லதா மறுத்துவிட்டார். பரிசு மெட்டுக்குத்தானே, பாடுகிறவருக்கும் இல்லை, எழுதுகிறவருக்கும் இல்லை. ஆகவே சாகித்தியமும் குரலும் இல்லாமல் வாத்தியங்களை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள் என்றார். எத்தனை கண்ணியமான கோபம், பாருங்கள்! பின்னணிப் பாடகருக்கும் ஒரு பரிசு 1959-ல் ஏற்பட்டது. 'மதுமதி' படத்துக்காக அதை முதலில் பெற்றவர் லதாவேதான். 1970-ல், புதியவர்கள் வரட்டும், இனி எனக்கு வேண்டாம் என்று அவரே ஒதுங்கிக்கொண்டார்.

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே 'நானும் ஒரு பெண்'தான் 1963-ன் சிறந்த தமிழ்ப் படம் என்று பிலிம்பேர் பரிசு பெற்றது. ஏ.வி.எம். தயாரிப்பு, டைரக்ஷன் திருலோகசந்தர், விஜயகுமாரி கதாநாயகி. ஆனால் தமிழுக்கு அப்போது படத்துக்கு மட்டும்தான் பரிசு. இந்தியில் லதா வாங்கித் தந்த நியாயம் விந்திய மலையைத் தாண்டி வரவில்லை.

சுசீலாவுக்கு மரியாதை வேறு வாசல் வழியாக வந்தது. 1968-ம் வருஷத்துப் படங்களுக்கான தேசிய விருதுகளில்தான் பின்னணிப் பாடகிக்கென்று முதன்முதலாக ஒரு பரிசு வைத்தார்கள். இந்திய மொழிகள் அத்தனையிலும் பாடியவர்களுக்கிடையே அது 'உயர்ந்த மனிதன்' படத்தில் பாடிய பி. சுசீலாவுக்குக் கிடைத்தது.

இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்போது காப்பி ஆறிப்போயிருந்தது. பாட்டி மட்டும் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்கு ஓட்டுப் போட்டது யாரு?"

"ஓட்டு இல்லை, பாட்டி. கமிட்டி."

"பரவாயில்லை, கமிட்டிக்காவது காது இருந்ததே!" என்று சொல்லிவிட்டுப் பேத்தியின் செல்போனையும் வாங்கி, தாம்பரத்துப் பெண்ணுக்கு இன்னொரு ஓட்டுப் போட்டார்.